கணவருக்குக் குடியுரிமை கிடைச்சாச்சு... மனைவியின் அட்டை தானா மாறிடுமா?

நிரந்தரவாசியாக இருந்த கணவர் சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டார். மனைவியிடம் இருப்பது நீண்டகால வருகை அனுமதி அட்டை. இனி அவரும் குடிமகளா?

இல்லை. கணவரின் குடியுரிமை மனைவியின் தகுதியைத் தானாக மாற்றாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

புதிதாக என்ன கிடைக்கும்?

2012இல் அறிமுகமான நீண்டகால வருகை அனுமதி பிளஸ் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தத் திருமணத்தில் பிறந்த சிங்கப்பூர்க் குழந்தை இருக்க வேண்டும். இல்லையென்றால் திருமணமாகி 3 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கும் மானியம் உண்டு.

வேலைக்குப் போகலாமா?

அட்டை மட்டும் போதாது. மனிதவள அமைச்சின் இசைவுக் கடிதம் வேண்டும். அது கைக்கு வருமுன் வேலையில் சேர்ந்துடாதீங்க.

மனைவி நிரந்தரவாசியாக இருந்தால்?

நிரந்தரவாசத் தகுதி கிடைத்து 2 ஆண்டுகள், திருமணமாகி 2 ஆண்டுகள் ஆகியிருந்தால் அவரும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் உறுதியில்லை. சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும். பெற்றோர், சொத்து ஊரில் இருந்தால் முதலில் குடும்பத்தோடு பேசுங்க.

அதுவரை மறக்கக்கூடாதது?

நிரந்தரவாசி வெளிநாடு செல்ல மறுநுழைவு அனுமதி தேவை. கணவர் குடிமகன் என்பதால் அந்த விதி தளராது. அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் இருந்தால் நிரந்தரவாசத் தகுதியையே இழக்க நேரிடலாம்.

வீட்டில் குடியுரிமைக் கடிதம் வந்த சந்தோஷத்தில் மனைவியின் அட்டையில் உள்ள காலாவதித் தேதியைப் பார்க்க மறந்துடாதீங்க!