அமிர்தசரசு: திருக்குளமும் திருநகரமும்

அமிர்தசரசு, பஞ்சாப் மாநிலத்தின் வடமேற்கில், பாகிஸ்தான் எல்லைக்கு வெகு அருகில் அமைந்த பெருநகரம். சீக்கிய சமயத்தாரின் தலையாய புண்ணிய க்ஷேத்திரம். கோட்டையோ அரண்மனையோ துறைமுகமோ நடுவாக நின்று பெருகிய ஊர்கள் இந்நாட்டில் பல உண்டு. ஒரு குளம் முதலில் வெட்டப்பட்டு, அக்குளத்தின் பெயரே ஊருக்கும் பெயராகி, பின் வந்த நானூற்றைம்பது ஆண்டுச் சரித்திரம் முழுவதும் அந்தக் குளத்தைத் தூர்ப்பாரும் தூரெடுப்பாருமாக இரு சாராரிடையே நடந்த போராட்டமாகவே அமைந்தது இவ்வூர் ஒன்றிற்கே உரிய சிறப்பு எனலாம். ஆகவே இந்நகரைக் காணச் செல்லும் யாத்திரிகர், பொன் வேய்ந்த கோயிலில் கண்ணைப் பறிகொடுப்பதற்கு முன், அதன் காலடியில் கிடக்கும் நீரிலிருந்து தொடங்குவதே முறை.

நான்காம் குருவாகிய ராமதாசர் 1570-களில் இக்குளத்தை வெட்டுவித்தார். கரையில் எழுந்த குடியிருப்பு முதலில் குருவின் பெயரால் ராமதாசபுரம் என வழங்கியது. ஐம்பத்திரண்டு தொழில்களைச் சேர்ந்தவர்களை அவர் வரவழைத்துக் குடியேற்றினார் என்று மரபு கூறும். குளத்தின் நடுவே ஹர்மந்திர் என்னும் கோயிலை எழுப்பியவர் அவர் மகனும் ஐந்தாம் குருவுமாகிய அர்ஜுனர். அதற்குக் கால்கோள் செய்தவர் லாகூரைச் சேர்ந்த மியான் மீர் என்னும் சூஃபி ஞானி என்று பக்தியோடு சொல்லப்படுகிறது. அச்செய்தி பிற்கால நூல்களிலேயே காணப்படுவதால் சரித்திர ஆசிரியர்கள் அதனைத் தயக்கத்தோடுதான் ஏற்பர். 1604-இல் சீக்கியரின் புனித நூலாகிய ஆதி கிரந்தம் இங்கே பிரதிஷ்டை செய்யப்பட்டது. முதிய தொண்டராகிய பாபா புட்டா அதனை ஓதும் முதல் கிரந்தியாக அமர்த்தப்பட்டார். அந்நூல் தொகுக்கப்பட்ட இடமாகப் போற்றப்படுவது, பெருங்கோயிலிலிருந்து சிறிது தொலைவே நடந்து சேரக்கூடிய ராம்சர் என்னும் மற்றொரு குளக்கரை. சந்தோக்சர், கௌல்சர், பிபேக்சர் ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து குளங்களையும் காண்பது பழைய யாத்திரை முறை. இக்காலத்தில் பெரும்பாலோர் ஒன்றோடு நின்றுவிடுகின்றனர்.

உள்ளே செல்வோர் காலணி களைந்து, தலையைத் துணியால் மூடி, வாசலில் தேங்கவிட்டிருக்கும் ஆழமற்ற நீரில் கால் நனைத்துக் கடந்தபின், படிகளில் கீழ்நோக்கி இறங்க வேண்டும். மேட்டில் கோயில் கட்டி ஏறிச் சென்று வணங்குவது பெருவழக்காக இருக்க, இங்கே அரசனும் ஆண்டியும் இறங்கித்தான் இறைவன் சந்நிதியை அடைய வேண்டும் என்னும் அமைப்பு, கட்டடக் கலையின் வாயிலாகவே ஒரு சமயக் கொள்கையைப் பேசுகிறது. நான்கு திசையிலும் வாயில் வைத்ததும் அப்பொருளதே. ரெட்டியார்பாளையத்திலிருந்து மேற்கே வில்லியனூருக்குச் சென்று, லூர்து அன்னை ஆலயத்தின் முன்னுள்ள திருக்குளத்தில் சாதி சமய வேறுபாடின்றி மக்கள் கால் நனைத்து நிற்பதைக் கண்டிருக்கும் புதுவை வாசகருக்கு, அமிர்தசரசின் கரை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. வலம் வரும் சலவைக்கல் பாதையில் ஓர் இலந்தை மரம் நிற்கிறது. துக்கபஞ்சனி எனப்படும் அம்மரத்தடியில் நீராடிய தொழுநோயாளன் ஒருவன் குணமடைந்தான் என்னும் ஐதிகத்தால், அவ்விடத்தில் மட்டும் எந்நேரமும் கூட்டம் குறைவதில்லை.

1606-இல் அர்ஜுனர் ஜஹாங்கீரின் ஆணையால் லாகூரில் உயிர் நீத்தார். அவருக்குப் பின் குருபீடம் ஏறிய அவர் மகன் ஹர்கோவிந்தர் இரு வாள்களைத் தரித்தார். ஒன்று உலகியல் அதிகாரத்தையும் மற்றொன்று ஆன்மிக அதிகாரத்தையும் குறிப்பன. கோயிலுக்கு எதிரில் அவர் எழுப்பிய மேடையே, பின்னாளில் மாடங்களோடு வளர்ந்த அகால் தக்து. அதன் அருகில் நிற்கும் இரட்டைக் கொடிமரங்கள் இன்றும் அக்கொள்கையை நினைவூட்டுகின்றன. ஹர்கோவிந்தரின் மகன் அடல் ராய் ஒன்பது வயதில் மறைந்தார். அவர் நினைவாக ஒன்பது நிலைகளோடு எழுந்த எண்கோண வடிவக் கோபுரம் நகரின் உயரமான பழைய கட்டடங்களுள் ஒன்று.

பதினெட்டாம் நூற்றாண்டு இந்நகருக்குச் சோதனைக் காலம். 1740-இல் மஸ்ஸா ரங்கர் என்னும் அதிகாரி புனித மண்டபத்தைக் கேளிக்கைக் கூடமாக்கினான். மேதாப் சிங், சுக்கா சிங் என்னும் இருவர் தொலைவிலிருந்து குதிரையேறி வந்து அவனைக் கொன்றனர். ஆப்கானிய மன்னன் அகமது ஷா அப்தாலியின் படைகள் 1757-இல் கோயிலை அவமதித்துக் குளத்தைத் தூர்த்தன என்று கேட்டு, எழுபத்தைந்து வயது முதியவராகிய பாபா தீப் சிங் தொண்டர் படையோடு புறப்பட்டு நகரின் எல்லையில் பொருது வீழ்ந்தார். அறுபட்ட தலையை ஒரு கையில் ஏந்தியபடியே கோயில் வரை வந்து உயிர் விட்டார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அவர் நினைவாக வலம் வரும் பாதையில் ஓரிடம் குறிக்கப்பட்டுள்ளது. 1762-இல் அப்தாலி மீண்டும் வந்து கோயிலை வெடிமருந்து வைத்துத் தகர்த்தான். ஓரிரு ஆண்டுகளுக்குள் சீக்கியக் கூட்டாட்சியினர் ஜஸ்ஸா சிங் அலுவாலியாவின் தலைமையில் திருப்பணியைத் தொடங்கிவிட்டனர். குளக்கரையில் நிற்கும் ராம்கடியா புங்காவின் இரட்டைக் காவற்கோபுரங்கள், அக்காலத்தில் வழிபடுவோரினும் காவல் காப்போருக்கே அங்கு மிகுந்த வேலை இருந்தது என்பதற்குச் சான்று.

இன்று நாம் காணும் பொன்னொளி மகாராஜா ரஞ்சித் சிங்கின் கொடை. நகரைக் கைப்பற்றிய அவர் சலவைக்கல்லும் பொற்றகடும் கொண்டு கோயிலைப் புதுப்பித்தார். கோவிந்தகட் கோட்டையை வலுப்படுத்தினார். ராம்பாக் என்னும் பூங்காவை அமைத்தார். நெப்போலியனிடம் பணியாற்றிய அலார், வெந்தூரா போன்ற தளபதிகள் 1822-இல் லாகூர் வந்து அவருடைய சேனையைப் பிரெஞ்சு முறையில் பயிற்றுவித்தனர். புதுவையில் ஆட்சியாக நிலைத்த பிரெஞ்சுக்காரர், பஞ்சாபிலோ ஊழியராகச் சென்று படைகளை நடத்தினர் என்பது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று.

ஆங்கிலேயர் வந்தபின், குளக்கரைக் கட்டடங்கள் சிலவற்றை இடித்து, செங்கல்லில் மேனாட்டுப் பாணிக் கடிகாரக் கோபுரம் ஒன்றைக் கட்டினர். சூழலோடு சற்றும் ஒவ்வாத அது பிற்காலத்தில் அகற்றப்பட்டது. அதற்காக வருந்தியவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. கோயிலிலிருந்து சில நிமிட நடையில் இருப்பது ஜாலியன் வாலாபாக். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் வைசாகித் திருநாளாகிய 1919 ஏப்ரல் 13 அன்று, ஜெனரல் டயரின் ஆணையால் அங்குக் கூடியிருந்த மக்கள்மீது 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டன. அரசாங்கக் கணக்கு இறந்தோர் 379 என்றது, காங்கிரஸ் விசாரணைக் குழுவின் மதிப்பீடு ஏறத்தாழ ஆயிரம். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சேட்டூர் சங்கரன் நாயர், பஞ்சாபில் நடந்த இராணுவச் சட்டக் கொடுமைகளைக் கண்டித்து வைசிராயின் நிர்வாக சபைப் பதவியைத் துறந்தார். பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஓட்வையர் அவர்மீது தொடுத்த அவதூறு வழக்கு 1924-இல் லண்டனில் நடந்து, தென்னாட்டார் பலரும் அறிந்த செய்தியாயிற்று. குண்டடிக் குழிகள் பதிந்த சுவரும், மக்கள் குதித்து மாண்ட கிணறும் இன்றும் காட்டப்படுகின்றன. படை நுழைந்த ஒடுங்கிய சந்து, 2021-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில் சுவரெங்கும் சிற்பங்களால் நிரப்பப்பட்டது. அதன் பழைய வெறுமையே பார்ப்போர் நெஞ்சில் தைத்தது என்பர் முன்பு கண்டோர்.

ஜாலியன் வாலாபாக் நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டிலேயே குருத்வாரா சீர்திருத்த இயக்கம் எழுந்தது. மகந்துகள் எனப்படும் பரம்பரை நிர்வாகிகளின் பிடியிலிருந்த கோயில்களைச் சமூகத்தின் பொறுப்பில் கொண்டுவர 1920 நவம்பரில் சிரோமணி குருத்வாரா பிரபந்தகக் குழு நிறுவப்பெற்றது. பொற்கோயிலின் சாவிகளை அரசாங்கம் பறித்து, பின் திருப்பித்தர நேர்ந்த நிகழ்ச்சியும் அக்காலத்ததே. 1925-இல் தனிச்சட்டம் பிறந்தது. இடையே 1923-இல் குளத்தை வற்றவைத்துத் தூரெடுக்கும் கார் சேவை நடைபெற, பெருந்திரளான ஆண்களும் பெண்களும் கூடைகளில் சேற்றைச் சுமந்தனர். 1973-லும் 2004-லும் அப்பணி மீண்டும் நடந்தது. 1984 ஜூனில் இராணுவ நடவடிக்கையின்போது அகால் தக்து பீரங்கியால் சிதைந்தது. அரசு விரைந்து கட்டித் தந்ததைச் சீக்கியர் பலர் ஏற்கவில்லை; அதனைத் தாமே பிரித்தெடுத்து, மீண்டும் தம் உழைப்பாலேயே கட்டிக்கொண்டனர்.  அரசு கட்டியதில் தம் கை படாதது அவர்களுக்குக் குறையாகத் தோன்றியது.

அந்தக் கைகளை மிக அருகில் காணத் தக்க இடம் லங்கர் என்னும் அன்னசாலை. அலுமினிய அண்டாக்களில் பருப்பு கொதிக்க, ஒரு புறம் வெங்காயமும் பூண்டும் உரிக்க உட்கார்ந்திருப்போரில் உள்ளூர்க் கடைக்காரரும் வெளிநாட்டு விருந்தினரும் அருகருகே இருப்பர். வரிசையாகத் தரையில் அமர்ந்தோர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால்தான் பரிமாறுவோர் ரொட்டியை அவற்றில் இடுவர். இந்த அன்னசாலை ஒருமுறை தென்னாட்டிற்கும் வந்தது. 1924-இல் வைக்கம் கோயில் வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்து, தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சென்று சிறைப்பட்ட அக்காலத்தில், அமிர்தசரசிலிருந்து வந்த அகாலிகள் என்னும் சீக்கியத் தொண்டர்கள் அங்கே லங்கர் திறந்து தொண்டர்களுக்கு உணவளித்தனர். உள்ளூர் இந்துக்களின் போராட்டத்திற்கு வெளியார் சோறிடுவது அவர்கள் சுயமரியாதைக்கு இழுக்கு என்று காந்தியடிகள் எழுதினார். பின்னர் அது மூடப்பட்டது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், யார் வீட்டு விறகு, யார் கொடுத்த கோதுமை என்று எவரும் கேளாத அமிர்தசரசுப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்தவர், அதனைப் பிச்சை என்று ஒப்பமாட்டார்.