குழம்பை யார் பக்கம் திருப்புவது?

கத்தானியா நகரத்து உர்சினோ கோட்டையை 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடரிக் கட்டியபோது அதன் காலடியில் அலை அடித்துக்கொண்டிருந்தது. கடல்வழியாக வருகிற எதிரியைக் கண்காணிக்கக் கட்டிய கோட்டை. இன்று அதன் வாசலில் போய் நின்றால் கடலைக் காணோம். சுற்றிலும் வீடுகள், உணவகங்கள், வரிசையாக நிறுத்திவைத்த ஸ்கூட்டர்கள். கடலைப் பார்க்க அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். 1669இல் எட்னாவிலிருந்து இறங்கி வந்த எரிமலைக் குழம்பு கோட்டையின் அகழியை நிரப்பி, சுவர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய், கடலைத் தள்ளி நிறுத்திவிட்டது.

சிசிலித் தீவின் கிழக்கே 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எட்னாவை அந்தப் பக்கத்து மக்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. 'மலை' என்பார்கள், அவ்வளவுதான். அதுவும் அவர்கள் பேச்சில் பெண்பால். அந்த மலை கக்கிய சாம்பலும் குழம்பும் காலப்போக்கில் சிதைந்து மண்ணானதில்தான் திராட்சையும் ஆரஞ்சும் பிஸ்தாவும் விளைகின்றன. எரிமலைக்குக் கீழே போய் ஏன் வீடு கட்டுகிறார்கள் என்று தூரத்தில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. சோறு போடுகிற மண்ணை விட்டு எங்கே போவது?

1669 மார்ச் 11ஆம் தேதி மலையின் தெற்குச் சரிவு பிளந்தது. அதற்குச் சில நாள் முன்பிருந்தே நில அதிர்ச்சிகள். நிக்கொலோசி என்ற ஊர் குழம்பு வருவதற்கு முன்பே இடிந்து கிடந்தது. மலை உச்சியில் வெடித்திருந்தால் குழம்பு ஊர்களை எட்டுவதற்குள் ஆறிப்போயிருக்கலாம். இது ஊருக்குப் பக்கத்திலேயே, விளைநிலங்களுக்கு நடுவே பிளந்துகொண்டது. பிளவின் வாயில் குவிந்த சாம்பலும் கங்குமாய் இரட்டைக் குன்று ஒன்று எழுந்தது. முதலில் அதற்கு 'நாசக் குன்றுகள்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு கோபம் தணிந்ததோ என்னவோ, நிறத்தைப் பார்த்துச் 'சிவப்புக் குன்றுகள்' என்று மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

குழம்பு என்று தமிழில் சொல்லிவிடுகிறோம். கேட்டவுடன் கரண்டியில் வழிகிற ஏதோ ஒன்று மனதில் வருகிறது. ஊருக்குள் வருகிற எட்னாவின் குழம்பு அப்படி இருக்காது. லாரி லாரியாகக் கருங்கல் ஜல்லியைக் கொட்டியதுபோல இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு கரிய மேடு. அது மெல்ல முன்னால் சாயும். உச்சியிலிருந்து கற்கள் உருளும். உருண்ட இடத்தில் உள்ளே செக்கச்செவேல் என்று நெருப்பு தெரிந்து மறையும். பீங்கான் தட்டுகளை அடுக்கோடு கீழே போட்டால் எழுமே, அப்படி ஓயாத ஒரு சத்தம். பெரும்பாலும் நடந்தே தப்பிவிடலாம். உயிருக்குப் பயம் குறைவு என்பதால்தான் கொடுமை கூடுகிறது: வீடு போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க நேரம் கிடைக்கிறது.

மேலே, பிளவுக்கு அருகே, கதை வேறு. அங்கே குழம்பு ஆறாக ஓடும். ஓரங்கள் குளிர்ந்து இறுகி இருபுறமும் கரை எழும்பும். கரைக்குள் அடங்கிய குழம்பு சூடு குறையாமல் நெடுந்தூரம் போகும். நமது வாய்க்கால் போலத்தான்; கரை இருக்கும் வரை தண்ணீர் கடைமடை வரை போகும், உடைந்தால் வழியிலேயே பரவி நின்றுவிடும். இந்தச் சூட்சுமத்தை 1669இல் சிலர் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

டியகோ பப்பலார்தோ என்பவர் தலைமையில் ஏறத்தாழ ஐம்பது பேர் மலைப்பக்கம் ஏறினார்கள். உடம்பில் நனைத்த மாட்டுத்தோல். கையில் கடப்பாரை, கொக்கி, மண்வெட்டி. கரை மேல் நெடுநேரம் நிற்க முடியாது. தோல் காய்ந்து சுருண்டுவிடும். முறை வைத்துப் போய், இடித்து, ஓடி வந்து, மறுபடி நனைத்துக்கொண்டு போனார்கள் என்று கற்பனை செய்வது கடினமில்லை. கடைசியில் கரை உடைந்தது. உடைப்பின் வழியே குழம்பு பக்கவாட்டில் பாய்ந்தது. கத்தானியா பக்கம் போன ஓட்டத்தின் வேகம் குறைந்தது. மனிதன் எரிமலையின் போக்கை வேண்டுமென்றே மாற்றியதாகப் பதிவான ஆரம்ப நிகழ்ச்சிகளில் இது ஒன்று. அது பலிக்கவும் செய்தது.

ஆனால் உடைப்பு திறந்த திசையில் பத்தெர்னோ என்ற ஊர் இருந்தது.

செய்தி எட்டியதும் பத்தெர்னோவிலிருந்து ஐந்நூறு பேர் ஆயுதங்களோடு கிளம்பி வந்தார்கள். ஐம்பதுக்கு ஐந்நூறு, கடப்பாரையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? கத்தானியாக்காரர்கள் பின்வாங்கினார்கள். கவனிப்பார் இல்லாத உடைப்பு சில நாளில் தானே இறுகி மூடிக்கொண்டது. ஆறு பழைய வழிக்குத் திரும்பியது.

எரிமலையியல் புத்தகங்கள் பலவற்றில் இந்தக் கதை ஒரு வேடிக்கைத் துணுக்காக வந்துபோகும். பத்தெர்னோக்காரர்கள் அறிவியலுக்குக் குறுக்கே நின்ற முரடர்கள் போலத் தெரிவார்கள். அது நியாயமில்லை. வெள்ள நேரத்தில் ஏரிக்கரையை எந்தப் பக்கம் வெட்டுவது என்று இரண்டு ஊர் மோதிக்கொள்வதைக் கேள்விப்பட்ட எவருக்கும் அந்த ஐந்நூறு பேரைப் புரியும். மலை அனுப்பினால் விதி; பக்கத்து ஊர்க்காரன் அனுப்பினால் வம்பு.

ஏப்ரல் நடுவில் குழம்பு கத்தானியாவின் மதிலை வந்து தொட்டது. பீரங்கிகளைத் தாங்கக் கட்டிய 16ஆம் நூற்றாண்டு மதில் அது. சுவரில் மோதிய குழம்பு அதை உடைக்கவில்லை. சாய்ந்து நின்று, உயர்ந்து, சுவரை ஒட்டியே நழுவிக் கடல் பக்கம் திரும்பியது. பல நாள் மதில் தாங்கியது. பிறகு மேற்கே ஓரிடத்தில் இடிந்து, ஓரிடத்தில் குழம்பு மேலேறி வழிந்து, நகரத்தின் ஒரு பகுதி போயிற்று. தெருக்களில் கற்களை அடுக்கித் தடுப்பு கட்டினார்கள். நகரத்தின் காவல் தெய்வமான புனித அகத்தாளின் முக்காட்டை ஊர்வலமாக எடுத்துக்கொண்டு குழம்பின் முன் நின்றார்கள். ஜூலையில், நான்கு மாதம் கழித்து, மலை ஓய்ந்தது. பத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் புதைந்திருந்தன. அந்த வெடிப்பில் 20,000 பேர் இறந்ததாக இன்னும் சில புத்தகங்களில் காணலாம். அந்தக் கணக்குக்கு ஆதாரம் கிடையாது. கத்தானியாவை உண்மையிலேயே சுடுகாடாக்கியது 24 ஆண்டு கழித்து, 1693இல் வந்த நிலநடுக்கம்.

புதைந்த ஊர்களில் ஒன்றின் பெயர் மால்பாசோ. 'கெட்ட வழி' என்று பொருள். ஊரார் வேறோர் இடத்தில் புது ஊர் கட்டினார்கள். 1693 நிலநடுக்கம் அதையும் இடித்தது. மூன்றாவது முறை கட்டியபோது பெயரிலாவது அதிர்ஷ்டம் இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, பெல்பாசோ, 'நல்ல வழி', என்று வைத்துவிட்டார்கள். அருகில் மொம்பிலியேரியில் மாதா கோவில் குழம்புக்கு அடியில் போயிருந்தது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1704இல், இறுகிய பாறையைக் குடைந்து இறங்கியவர்கள் உள்ளே மாதாவின் பளிங்குச் சிலையை முழுசாகக் கண்டெடுத்தார்கள். இறுகிக் கிடக்கும் குழம்புத் தரிசை சிசிலியில் 'ஷாரா' என்பார்கள். அங்கே எழும்பிய கோவிலின் தெய்வத்துக்கு 'ஷாரா மாதா' என்றே பெயர்.

பப்பலார்தோவுக்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எட்னாவில் கடப்பாரையோடு குழம்பின் கரையை உடைக்கப் பெரிய அளவில் யாரும் போகவில்லை. திருப்பிவிட்டால் வரும் சேதத்துக்குத் திருப்பியவர்தானே பதில் சொல்ல வேண்டும்? 1886இல் நிக்கொலோசியைக் குழம்பு நெருங்கியபோது பேராயர் துஸ்மெத் மீண்டும் அகத்தாளின் முக்காட்டோடுதான் போனார். ஊருக்கு வெளியே குழம்பு நின்றது. 1928 நவம்பரில் மாஸ்காலிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெடிப்பு தொடங்கிய சில நாளில், ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிய குழம்பு நேரே ஊர் நடுவே வந்தது. மக்கள் கட்டில், பீரோவோடு நிற்கவில்லை. கதவைக் கழற்றினார்கள், ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்தார்கள், கூரை ஓட்டைக்கூட இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். குழம்பு வந்தபோது பல வீடுகள் வெறும் சுவர்களாகத்தான் நின்றன.

கடலுக்கு அப்பால் வேறு யோசனைகள் நடந்துகொண்டிருந்தன. 1935 டிசம்பரில் ஹவாய் தீவின் ஹிலோ நகரை நோக்கி மௌனா லோவாவின் குழம்பு வந்தபோது, எரிமலை ஆய்வகத்தை நிறுவிய தாமஸ் ஜாகர் அமெரிக்க ராணுவ விமானங்களை வரவழைத்து அதன் மேல் குண்டு போடச் செய்தார். ஒரு வாரத்துக்குள் ஓட்டம் நின்றது. குண்டினால்தான் நின்றது என்று ஜாகர் சொன்னார். தானாகவே ஓய்கிற நேரம் என்று பின்னால் வந்தவர்களில் பலர் சொல்கிறார்கள். ஹவாய் மக்களில் பலருக்கு இந்த விவாதமே பொருட்டில்லை. எரிமலை பெலே தேவியின் வீடு. அவள் போகிற வழியில் குண்டு போடுவது மரியாதைக்கேடு. 1881இல் இதே ஹிலோவுக்கு இதே ஆபத்து வந்தபோது அரச குடும்பத்தின் ரூத் இளவரசி படையல் வைத்து வேண்டிக்கொள்ள, குழம்பு நின்றது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை.

பக்கத்து ஊர்ச் சண்டைக்கே இடமில்லாமல் வேலை நடந்தது ஐஸ்லாந்தின் ஹெய்மாய் தீவில். 1973 ஜனவரி 23 நள்ளிரவுக்குப் பின் ஊரின் கிழக்கு ஓரத்தில் நிலம் பிளந்தது. முந்தைய நாள் புயல் என்பதால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றன. அந்தப் படகுகளிலேயே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் விடிவதற்குள் கரையேறித் தப்பினார்கள். வீடுகள் போனால் கட்டிக்கொள்ளலாம், துறைமுக வாய் அடைபட்டால் பிழைப்பே போயிற்று. இயற்பியல் பேராசிரியர் தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன் கடல்நீரைப் பீய்ச்சிக் குழம்பை உறையவைக்கலாம் என்றார். முதலில் தீயணைப்புக் குழாய்கள். பிறகு அமெரிக்காவிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பம்புகள். கொதிக்கிற பாறை மேல் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை குழாய் உருகவில்லை. மாதக்கணக்கில் அறுபது லட்சம் டன்னுக்கு மேல் தண்ணீர் இறைத்தார்கள். நானூறு வீடுகள் வரை போயின. துறைமுகம் தப்பியது, புதிதாக வந்த குழம்பு மேடு காற்றைத் தடுப்பதால் முன்பைவிட நல்ல துறைமுகமாகவும் ஆயிற்று. திரும்பிய குழம்பு போன இடம் கடல். அங்கிருந்து யாரும் ஆயுதத்தோடு வரவில்லை.

எட்னாவில் மறுபடி கை வைத்தது 1983 மே மாதத்தில். இம்முறை அரசே பொறுப்பேற்றது. கரையில் துளை போட்டு வெடி வைத்தார்கள். துளைக்குள் இருக்கும் சூட்டில் வெடி முன்கூட்டியே வெடித்துவிடாமல் குளிர்விப்பதே பெரும்பாடு. ஓட்டத்தில் ஒரு பங்குதான் திரும்பியது.

1991 டிசம்பரில் தொடங்கிய வெடிப்பு ஜாஃபெரானா என்ற ஊரைக் குறிவைத்தது. பள்ளத்தாக்கின் குறுக்கே 234 மீட்டர் நீளம், 21 மீட்டர் உயரத்துக்கு மண்ணணை கட்டினார்கள். சில வாரம் நிறுத்தியது. ஏப்ரலில் குழம்பு அதைத் தாண்டி வழிந்தது. ஊர் எல்லைத் தோட்டங்கள் கருகின. தோட்டத்து வீட்டை விட்டுக் கிளம்பிய முதியவர் ஒருவர், களைத்து வருகிற குழம்புக்கு என்று மேசை மேல் ரொட்டியும் ஒயினும் வைத்துவிட்டுப் போனதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. மேலே, குழம்பு குகைவழியில் நுழையும் வாயை அடைக்க ஹெலிகாப்டரிலிருந்து கான்கிரீட் கட்டிகளைப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் மே 27ஆம் தேதி, வெட்டிவைத்த புதிய வாய்க்காலுக்கும் குழம்பு ஆற்றுக்கும் இடையே இருந்த சுவரை ஏழு டன் வெடிமருந்தால் தகர்த்தார்கள். ஓட்டத்தின் பெரும்பகுதி புது வழிக்கு மாறியது.

பப்பலார்தோ செய்த அதே வேலைதான்; மாட்டுத்தோலுக்குப் பதில் ஹெலிகாப்டர். ஒரே ஒரு வித்தியாசம், திருப்பிவிட்ட பக்கம் வாலே தெல் போவே. குதிரைலாடம் போல மலையில் விழுந்த, ஆளில்லாத பெரும் பள்ளம். எவ்வளவு கொட்டினாலும் கேட்க ஆள் கிடையாது. ஜாஃபெரானா தப்பியது.

உர்சினோ கோட்டைக்கு அருகே ஒரு முற்றத்தில் படிக்கட்டு இறங்குகிறது. ஒரு பக்கம் பழைய மதில். மறு பக்கம் அதில் வந்து சாய்ந்து உறைந்த 1669இன் குழம்பு, கையால் தொடலாம். பத்து மீட்டருக்கு மேல் இறங்கினால் கம்மாஜிதா ஊற்று. குழம்பு மூடிய பிறகு ஊரார் தோண்டி மீட்டது. கீழே, 1669க்கு முந்தைய தெரு மட்டத்தில், தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.