கோப்பிப் பாட்டும் கள்ளுக்கடைப் பாட்டும்

2006இல் டென்மார்க் அரசு தன் நாட்டின் தலைசிறந்த கலை ஆக்கங்கள் எனத் தெரிந்தெடுத்த 108 ஆக்கங்களின் பட்டியலை வெளியிட்டது. குடியேறிகளுக்கு 'டேனியத்தன்மை' பற்றிப் பாடம் எடுக்கும் முயற்சியே இது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. நியாயமான விமர்சனம்தான். இஷொய் போன்று குடியேறிகள் செறிந்த ஊர்களில் வாழ்பவர்களுக்கு அந்தப் பாடத்தின் தொனி நன்றாகவே பழக்கம். ஆனால் அந்தப் பட்டியலில் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றும் இடம்பெற்றது: 'ஸ்வான்தவின் பாடல்கள்'. எழுதியவர் பென்னி அனர்சன். பாடியவர் போல் டிஸிங்.

ஸ்வான்த ஒரு கற்பனை மனிதன். குடிப்பவன், தனிமையில் உழல்பவன், பெரிதாக எதையும் சாதிக்காதவன். இவனைப் பற்றிய நூல் 1972இல் வந்தது, அடுத்த ஆண்டு இசைத்தட்டு. இதில் நாடறிந்த பாட்டு ஒரு காலைநேரத்தைப் பற்றியது. வெயில் அடிக்கிறது, துணைவி குளிக்கிறாள், இவன் பாணும் சீஸும் சாப்பிடுகிறான், கோப்பி தயாராகிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். (கோப்பியை யார் போடுவது என்று பெண் வாசகர்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.) டிஸிங்கின் குரல் சங்கீதக்காரரின் குரலல்ல. கரகரத்து, உடைந்து, பக்கத்து வீட்டுக்காரன் பாடுவது போலிருக்கும். அனர்சனோ கவிஞராக அறியப்படுமுன் மதுச்சாலைகளில் பியானோ வாசித்துப் பிழைத்தவர். எங்கள் தொழிற்சாலை வானொலியில் இப்பாட்டு வந்தால் இயந்திரத்தின் முன் நிற்கும் டேனியர்கள் தலை நிமிராமலே கூடப் பாடுவார்கள்.

எங்களிடம் இப்படியொன்று இருந்ததா? இருந்தது. 1960களின் பிற்பகுதியில், உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் என்ற விவசாயம் படித்த இளைஞர் கிற்றாரை எடுத்துக்கொண்டு தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடினார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' முதலியவை அப்படிப் பிறந்தவை. போர்த்துக்கேயர் வழிவந்து, வொலி பெஸ்தியனால் சிங்களத்தில் வேரூன்றிய பைலாத் தாளம். அதன்மேல் யாழ்ப்பாணத்தின் பேச்சுமொழி. காதலி இல்லை, மாமியின் மகள்தான். மது இல்லை, கள்ளுத்தான். தமிழகத்துச் சினிமாப் பாட்டில் இல்லாத ஒழுங்கையும் வேலியும் இதில் இருந்தன. பின்னால் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து இந்தியா முழுவதும் ஒலித்தது.

இதே தசாப்தத்தில்தான் ஈழத்து இலக்கியத்தில் மரபுப் போராட்டம் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சுவழக்கில் எழுதிய சிறுகதையாளர்களைப் பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என்று வசைபாட, கைலாசபதியும் சிவத்தம்பியும் அந்த வழக்கின் பக்கம் நின்று வாதாடினார்கள். மஹாகவியின் 'குறும்பா' 1966இல் நூலாக வந்தபோது அதன் கிண்டலையும் அன்றாடத்தையும் இலக்கியமாக ஏற்கும் வாசகர் கூட்டமொன்று உருவாகியிருந்தது. ஆனால் அதே பேச்சுமொழி கிற்றாரோடு வந்தபோது எங்கள் விமர்சனம் அதைத் தன் விடயமாகக் கருதவில்லை. பண்டிதருக்கு அது கொச்சை. முற்போக்காளருக்கு அது மேலைத்தேயக் கேளிக்கை. இவ்விடயத்தில் இரு சாராரும் ஒரே திண்ணையில் இருந்தார்கள் என்பதே என் அபிப்பிராயம். 'சின்ன மாமியே' பாட்டில் ஆணின் குறும்புப் பார்வை மேலோங்கியிருப்பது உண்மை. அதையும் எழுதி விவாதித்திருக்கலாமே! விவாதிக்கப்படாத பாட்டு கலியாண வீட்டுக் கூத்தாகச் சுருங்கிப்போனது.

பிறகு போர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பாட்டுக் கேட்டார்கள். ஓடிய கசெற்றுகளில் பெரும்பாலானவை இரு வகை: சினிமாப் பாட்டு, இயக்கப் பாட்டு. ஒன்றில் சுவிற்சர்லாந்து மலையில் காதல், மற்றதில் களத்தில் சாவு. சைக்கிளைச் சுற்றிய கையையும், ஜாம்போத்தல் விளக்கையும், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளையும் பாட்டாக்க எவருக்கும் தோன்றியதாக நான் கேள்விப்படவில்லை. மாவீரனுக்குப் பாட்டு உண்டு. பாணுக்கு வரிசையில் நின்றவளுக்கு இல்லை.

புகலிடத்திலும் நிலைமை அதுவே. முப்பது, நாற்பது வருடங்களாக மேடைகளில் தாயக ஏக்கம் பாடப்படுகிறது. குளிரறையில் மீன் வெட்டுபவர், அதிகாலை பஸ்ஸில் துப்புரவு வேலைக்குப் போகும் அக்கா, மகனிடம் டேனிஷ் கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் தகப்பன் ஆகியோர் அந்த மேடைகளுக்கு எதிரே கதிரைகளில் இருக்கிறார்கள், பாட்டுக்குள் இல்லை.

ஆனால் பாட்டுகள் பிறக்காமலும் இல்லை. நானிருந்த அகதி முகாமில் பின்னேரங்களில் பெடியள் மேசையில் தாளம் போட்டுப் பாடுவார்கள். வழுக்கும் பனி, பொலிஸ் விசாரணை, நாவுக்குப் பிடிபடாத டேனிஷ் உச்சரிப்பு, இரவல் சப்பாத்து எல்லாம் அதில் வரும். எழுதி வைத்தவர் ஒருவருமில்லை. மெட்டு மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது: 'சின்ன மாமியே'.