ஓடும் பிள்ளையின் இருதயம்: நாம் அறிய வேண்டிய ஒரு வரலாறு

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் இது. மரதனுக்குப் பெயர் கொடுத்த பிள்ளையிடம், "கூட ஓடினா இருதயம் வீங்கிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தப் பயத்துக்கு 150 வருடத்துக்கு மேல் வயது.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்களின் படகோட்டப் போட்டி ஆயுளைக் குறைக்கும் என்று அன்றைய இங்கிலாந்து வைத்தியர்கள் சிலர் எச்சரித்தார்கள். ஜோன் மோர்கன் என்ற வைத்தியர், 1829 முதல் 1869 வரை படகோட்டியவர்களைத் தேடிக் கணக்கெடுத்து, 1873இல் புத்தகமாக வெளியிட்டார். அவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே வாழ்ந்திருந்தார்கள்.

1899இல் சுவீடனின் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சில் விரலால் தட்டிப் பார்த்தே, அவர்களின் இருதயம் பெரிதாகியிருப்பதைக் கண்டார். அது நோயல்ல, பயிற்சியால் வந்த பலம் என்றார். பொஸ்டன் மரதனை ஏழு தடவை வென்ற கிளாரன்ஸ் டிமாரிடம், இருதயத்தில் இரைச்சல் கேட்கிறது, ஓட வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். 1958இல் அவர் இறந்தது புற்றுநோயால். பரிசோதித்தபோது அவரது இருதய நாடிகள் சாதாரண அளவைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன.

அப்படியானால் பயமே தேவையில்லையா? தேவை, வேறு இடத்தில். 2003இல் கெமரூன் உதைபந்தாட்ட வீரர் மார்க் விவியன் ஃபோ, 28 வயதில் மைதானத்திலேயே சரிந்து இறந்தார். இருதயத் தசை தடிக்கும் நோய் அவருக்குள் மறைந்திருந்தது. பயிற்சி கொடுத்த பலமும் இந்த நோயும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈசிஜி பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. 2021இல் டென்மார்க்கின் எரிக்சன் விழுந்தபோது உடனே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த வருடமே அவர் திரும்ப விளையாடினார்.

இதிலிருந்து நமக்கான பாடம் மூன்று. ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, அளவுக்கு மீறிய படபடப்பு என்று பிள்ளை சொன்னால், "சாக்குச் சொல்றான்" என்று தள்ளாமல் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுவோம். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென மௌத்தாகியிருந்தால் பெற்றோர் அதைப் பாடசாலைக்குச் சொல்லிவிடுவோம். விழுந்த பிள்ளைக்கு மூச்சில்லை என்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காமல், 1990க்கு அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவோம்.

பிள்ளைகளை ஓட விடுவோம். மைதான ஓரத்தில் நிற்கும் நாம் இதைக் கற்றுக்கொண்டு நிற்போம்.