பொகவந்தலாவைத் தோட்டங்களும் அரச மருத்துவ அதிகாரியும்

பெருந்தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்தை அரசின் சார்பில் கண்காணிக்கும் பதவி இலங்கை மலையகத்தில் 1872 முதல் பல பெயர்களில் இருந்துவருகிறது. கொழும்பில் பிரதான சிவில் மருத்துவ அதிகாரி, பின்னர் மருத்துவ சுகாதார சேவைகள் பணிப்பாளர், மலையில் டி.எம்.ஓ. எனப்பட்ட மாவட்ட மருத்துவ அதிகாரி, இன்று சுகாதார வைத்திய அதிகாரி. பெயர்கள் மாறிய அளவுக்கு அதிகாரம் மாறவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்வையிடலாம், குறை எழுதலாம். அதை நடத்துவது வேறொருவர் என்ற ஏற்பாடே நெடுங்காலம் நீடித்தது.

பொகவந்தலாவை நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் கடந்து செல்லும் பாதையில் உள்ள தேயிலைப் பள்ளத்தாக்கு. இதனூடே இறங்கும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் இறந்து அடக்கமானது இங்குள்ள புனித மரியாள் தேவாலய வளவில்தான். அவரைத் தேடி வெளிநாட்டார் இன்றும் வருகிறார்கள். அதே காலத்தில் இம்மலைகளில் செத்துப்போன கூலியாட்களுக்குக் கல்லறை கிடையாது.

தொடக்கம்

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளர்கள் வழியிலும் தோட்டத்திலும் பெருந்தொகையாக மாண்டனர். கம்பளை வைத்தியசாலையில் கடமையாற்றிய டாக்டர் வான் டோர்ட், நோயாளிகள் எந்நிலையில் கொண்டுவந்து போடப்படுகிறார்கள் என்பதை 1860களின் இறுதியில் எழுதிவைத்தார். சாகும் தறுவாயில் அனுப்பிவிட்டு, சாவு ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறட்டும் என்றிருந்த தோட்டங்களும் உண்டு. இந்தியாவிலிருந்து ஆள் வரத்து நின்றுவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்து, ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1872இன் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன; செலவு தோட்டக்காரர் தலையில் விழுந்தது. அவர்கள் கூச்சலிட்டதில் வியப்பில்லை. 1880இன் சட்டம் நிர்வாகத்தை அரசின் கைக்கு மேலும் நகர்த்தியது.

இந்தக் கட்டத்தில் பிரதான சிவில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர் வில்லியம் ரேமண்ட் கின்சி. 1875இல் பொறுப்பேற்று இரண்டு தசாப்தங்களுக்கு மேல் பதவியிலிருந்தார்; கொழும்பின் கின்சி வீதி இவர் பெயரைத் தாங்குகிறது. பறங்கி நோய் பற்றிய இவரது அறிக்கை பேர்போனது. ஆனால் மலையகத்துக்கு முக்கியமானது 1887இல் இலங்கையின் இரத்தசோகை பற்றி இவர் எழுதியது. கொக்கிப்புழு உண்டாக்கும் சோகையையும் பெரிபெரியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். முகம் வெளுத்து, கால் வீங்கி, மலையேற மூச்சு வாங்கிய தொழிலாளியின் உண்மையான எதிரி மண்ணில் இருந்தது. அதை நேராக எதிர்கொள்ள இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று.

1912 சட்டமும் துரையும்

1912இல் இரு சட்டங்கள் வந்தன: 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் சட்டமும், 10ஆம் இலக்க தொழிலாளர் நோய்கள் சட்டமும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பது, நோயுற்றவர் எவர் என்று அறிந்திருப்பது, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது ஆகியன தோட்டத்தை நடத்திய துரையின் கடமைகளாயின. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் தரவேண்டும். மாவட்ட மருத்துவ அதிகாரி தகுதி என்று சொன்னாலன்றி அந்த மாதத்தில் வேலைக்கு இறக்கக் கூடாது. தாளில் படித்தால் அக்காலத்து ஆசியாவில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத சட்டம்.

நடைமுறை வேறு. தகுதியுள்ள மருந்தாளரை அமர்த்தி மருந்தகம் நடத்தும் தோட்டத்துக்கு ஏற்றுமதி வரியில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது. இதனால் தோட்டத்துக்குத் தோட்டம் மருந்தகங்கள் முளைத்தன. அவற்றுடன் தோட்டத்து "டாக்டர் ஐயா"வும் வந்து சேர்ந்தார். அவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். மருந்தாளர், பின்னாளில் தோட்ட வைத்திய உதவியாளர். அவருக்குத் தகுதி தருவது அரசு, சம்பளம் தருவது துரை. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் சுகமில்லை என்று நிற்பவர் கங்காணியிடம் சொல்லித் துண்டு வாங்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போவார். பெரிய போத்தலிலிருந்து அளந்து ஊற்றிய கலவை மருந்தைக் குடித்துவிட்டு வரவேண்டும். ஓய்வு எழுதினால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போகும். அதிகம் எழுதும் டாக்டர் ஐயாவைத் துரைக்குப் பிடிக்காது. நோய்க்கும் வேலைநாளுக்கும் இடையில் நின்ற அந்த மனிதரைக் காப்பாற்றும் அதிகாரம் டி.எம்.ஓ.வுக்கு இல்லை.

கொக்கிப்புழு ஒழிப்பு

ராக்பெல்லர் அறநிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கி மற்ற மலைப்பகுதிகளுக்கும் பரவியது. வெறுங்காலோடு தேயிலை மலையில் நிற்பவரின் தோலைத் துளைத்துப் புழு உள்ளே போகிறது. மலசலகூடம் இல்லாததால் மண்ணில் மீண்டும் பெருகுகிறது. கெனோபோடியம் எண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விட்டால் புழு விழும். ஆனால் மருந்து குடித்த ஆள் அன்று வேலைக்கு உதவான் என்பது துரைமாரின் முறைப்பாடு. மலசலகூடம் கட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் பழைய கதைதான் என்பது ராக்பெல்லர் மருத்துவர்களின் முறைப்பாடு. கட்டச் சொல்லி நெருக்கவேண்டிய அரச அதிகாரிகள் நடுவில் தயங்கினர். மருத்துவத்தில் எதைச் செய்யவேண்டும் என்று அறிந்தும், செலவு யாருடையது என்ற கேள்வியில் சிக்கிக்கொண்ட முதல் சந்தர்ப்பம் இதுவல்ல, கடைசியும் அல்ல.

ஒரு சாராரின் நலத்துக்கென்றே அரசு தனி மருத்துவ அமைப்பு நடத்துவது உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கான வைத்தியசாலைகளை, அவர்களுக்குரிய திணைக்களத்தின் சுகாதாரத் துணைச் செயலாளர் தலைமை ஏற்று நடத்துகிறார். இந்தியாவில் 2003 முதல் முன்னாள் படையினருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் இயங்குகிறது. அங்கே அதிகாரியின் கையில் கட்டடமும் ஊழியரும் பணமும் உண்டு. தோட்டத்து அதிகாரிக்கு வாய்த்தது குறிப்பேடு.

ஊர் ஒரு பக்கம், தோட்டம் ஒரு பக்கம்

1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி, பரிசோதகர், மருத்துவ மாது என்ற அமைப்பு அங்கிருந்தே நாடெங்கும் பரவியது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தபோது மருத்துவ சுகாதார சேவைகள் பணிப்பாளராயிருந்தவர் ரூபர்ட் பிரியர்கிளிஃப். அந்தப் பேரழிவு அரசின் கவனத்தைக் கிராமங்களின்பால் திருப்பியது. உயர்ந்த மலைத்தோட்டங்களை மலேரியா அவ்வளவாகத் தொடவில்லை; தோட்டங்கள் 1912 ஏற்பாட்டிலேயே விடப்பட்டன.

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் அந்த வாக்குகள் பறிபோயின. வாக்கில்லாத நோயாளிக்காகச் சுகாதார அமைச்சரிடம் கேள்வி கேட்க நாடாளுமன்றத்தில் ஆளில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஆஸ்பத்திரிகள் சுகாதார அமைச்சுக்குப் போகவில்லை. ஜனவசம என்ற அரச சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் புதிய துரைமாராயின. இடையில் 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் சாவு ஏறியது. அப்போது மருந்து அல்ல, மாவும் அரிசியுமே வேண்டியிருந்தன.

1987இன் 13ஆம் திருத்தம் சுகாதாரத்தை மாகாண சபைக்குக் கொடுத்தது. இதனால் பொகவந்தலாவைக்கு மேலுள்ள அதிகாரி இப்போது நுவரெலியா பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். கொழும்பில் அமைச்சின் தோட்ட, நகர்ப்புற சுகாதாரப் பிரிவும் உண்டு. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் கைமாறின. பொகவந்தலாவைப் பெயரிலேயே ஒரு கம்பனி உருவானது. நலப் பணிகளுக்கென அமைந்த பொறுப்பமைப்பு பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஆயிற்று. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கியும் இன்னும் அரைகுறையாகவே நிற்கிறது.

இன்றைய நிலை

பொகவந்தலாவையில் அரச வைத்தியசாலையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் உள்ளன. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல மாதும் லயங்களுக்கு வருகின்றனர். தமிழ் தெரிந்தவர் வந்தால் அது அந்தத் தோட்டத்தின் அதிர்ஷ்டம். கடும் நோய்க்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இந்திய நிதியுதவியில் 150 கட்டில்களோடு எழுந்த அதன் புதிய கட்டடம் 2017 மே 12 அன்று பிரதமர் நரேந்திர மோடியால் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் மேல் டிவிஷனில் இரவில் நோவு கண்ட பெண் கீழே இறங்க, பல இடங்களில் இன்னும் கொழுந்து லொறிதான். 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 சதவீதம், தோட்டத்துறையில் 32.

அரசு கட்டடத்தையும் டாக்டர் ஐயாவின் சம்பளத்தையும் முழுதாக ஏற்காதவரை, மலைக்கு வரும் அரச அதிகாரி 1872இல் இருந்தது போலவே பரிசோதகராகத்தான் இருப்பார்.