விரிதாளும் மறுகணக்கீடும்

கணினி பரவுவதற்கு முன்பு விரிதாள் என்பது கணக்கர்களின் மேசையில் இருந்த அகன்ற கோட்டுத்தாளையே குறித்தது. வரவு, செலவு, இலாப மதிப்பீடு ஆகியவை அதில் நிரைகளாகவும் நிரல்களாகவும் எழுதப்பட்டதால், ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் அனைத்தையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவரான டான் பிரிக்ளின் இந்தச் சுமையைக் கணினியிடம் ஒப்படைக்கலாம் என 1978இல் எண்ணினார். அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது.

கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாகச் சூத்திரத்தை, அதாவது பிற கட்டங்களைச் சுட்டி எழுதும் கணக்கு விதியை, இட முடிந்ததே அதன் புதுமை. ஆனால் ஓர் எண் மாறியவுடன் எந்தச் சூத்திரத்தை முதலில் கணக்கிடுவது என்பதை அது ஆராயவில்லை. பயனர் தேர்ந்தபடி நிரல் நிரலாகவோ நிரை நிரையாகவோ தாள் முழுவதையும் ஒருமுறை கடந்து சென்றது. இந்த வரிசையைக் காட்டும் ஓர் எழுத்து திரையின் வலது மேல் மூலையில் நின்றது. முதல் நிரலின் ஐந்தாம் கட்டம் இரண்டாம் நிரலின் முதல் கட்டத்திலுள்ள சூத்திரத்தைச் சார்ந்திருக்குமானால், நிரல்வாரியாகக் கணக்கிடும்போது அது பழைய மதிப்பையே எடுத்துக்கொள்ளும். நிரைவாரியாகக் கணக்கிட்டால் சரியான விடை கிடைக்கும். இரு வரிசைகளுக்கும் அடங்காத முன்னோக்குச் சுட்டுகள், அதாவது இன்னும் கணக்கிடப்படாத கட்டத்தை எதிர்நோக்கும் சூத்திரங்கள், இருந்தபோது பயனர் வியப்புக்குறி விசையை மீண்டும் அழுத்தி மறுகணக்கீட்டைத் திரும்ப நடத்த வேண்டியிருந்தது.

அன்றைய ஆப்பிள் 2இன் செயலி ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியதால், பெரிய தாளில் ஒவ்வோர் எண்ணை இட்ட பின்பும் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே தானியங்கிக் கணக்கீட்டை நிறுத்திவைத்து, எண்களை எல்லாம் இட்டு முடித்த பின் வியப்புக்குறியை அழுத்திக் கணக்கிடச் செய்யும் கைமுறை வழியும் அதே மென்பொருளில் தரப்பட்டது. காத்திருப்பு குறைந்தது உண்மையே. எனினும் திரையில் உள்ள விடை புதியதா பழையதா என்பதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு மனிதருக்கே திரும்பியது.

வரிசைச் சிக்கலுக்கான தீர்வு விசிகால்க்குக்கு முன்பே காணப்பட்டிருந்தது என்பதே இவ்வரலாற்றின் விந்தை. ரெனே பார்டோவும் ரெமி லாண்டாவும் 1969இல் உருவாக்கிய லான்பார் என்னும் மென்பொருள், சூத்திரங்கள் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டாலும் சார்புகளைக் கண்டறிந்து உரிய வரிசையில் கணக்கிட்டது. 1970இல் அவர்கள் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை, மறுப்பையும் நீதிமன்ற மேல்முறையீட்டையும் கடந்து 1983இல்தான் கிடைத்தது. அதே ஆண்டு மிட்ச் கேப்பரின் நிறுவனம் வெளியிட்ட லோட்டஸ் 1-2-3 இவ்வகை இயல்பு வரிசைக் கணக்கீட்டை அலுவலகக் கணினிகளில் பரவலாக்கியது. கைமுறையில் ஏதேனும் எண் மாறியிருந்தால் கணக்கீடு நிலுவையில் உள்ளதெனத் திரையடியில் அறிவித்து, எஃப்9 விசைக்காகக் காத்திருந்தது. அந்த விசை இன்றளவும் மைக்ரோசாஃப்டின் எக்செல்லில் அதே பணியைச் செய்கிறது.

1985இல் மெக்கிண்டாஷுக்கு வந்த எக்செல், மாற்றத்தால் பாதிக்கப்பட்ட கட்டங்களை மட்டும் மீளக் கணக்கிட்டது. இதனால் கைமுறை வழக்கொழிந்திருக்க வேண்டும். ஆனால் கணினி விரைவடைந்த அளவுக்குத் தாள்களும் பெருத்தன. 65,536 நிரைகளாக இருந்த வரம்பு எக்செல் 2007இல் 10,48,576 ஆனது. ஒரே கணக்கில் பல மதிப்புகளை மாற்றி மாற்றி இட்டுப் பார்க்கும் தரவு அட்டவணைகளுக்கு மட்டும் தானியங்கிக் கணக்கீட்டிலிருந்து விலக்களிக்கும் இடைவழி ஒன்றும் எக்செல்லில் உள்ளது.

எக்செல்லின் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. கணக்கீட்டு முறை கோப்புக்கு உரியதாக அல்லாமல், திறந்திருக்கும் கோப்புகள் அனைத்துக்கும் பொதுவானதாக வைக்கப்பட்டுள்ளது. முதலில் திறக்கப்படும் கோப்பில் சேமித்துள்ள முறையே பின்னர் திறப்பவற்றுக்கும் பொருந்துகிறது. எனவே ஒருவர் வேகத்துக்காகக் கைமுறையில் சேமித்த கோப்பை மற்றொருவர் காலையில் முதலில் திறந்தால், அவருடைய பிற கோப்புகளும் அவர் அறியாமலே கணக்கிடாமல் நின்றுவிடுகின்றன. விசிகால்க் காலத்துப் பயனர் தாமே முடிவெடுத்துக் கைமுறையைத் தேர்ந்தார். இவரோ பிறர் எடுத்த முடிவுக்கு உட்படுகிறார். பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஒரே தோற்றத்தில் நிற்பதால் பிழை கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. கணக்கிடப்படாத மதிப்புகளின் மேல் குறுக்குக்கோடு இட்டுக் காட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் அண்மை ஆண்டுகளில்தான் சேர்த்தது. நிலுவையைத் திரையடியில் மட்டும் அறிவித்துவந்த நெடுங்கால வழக்கத்தை விட இது நேர்மையான ஏற்பாடு. ஆனால் மிகவும் தாமதமாக வந்தது.