காலி டின் உண்மையிலேயே காலியா?

வெள்ளவத்தையிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியா பாமன்கடைப் பக்கம் நடந்து பாருங்க. கராஜ், சலூன், ஹாட்வெயார் கடை, சின்னச் சின்ன ஒபிஸ் என்று வரிசையா இருக்கும். எதுக்குள்ள போனாலும் ஒரு ஸ்ப்ரே டின் கண்ணில் படும்: கறள் இளக்குற எண்ணெய், பெயின்ட், தலைமயிர் ஸ்ப்ரே, கரப்பான் மருந்து, ஏசி அறைக்கு வாசனை. முடிஞ்சதும் எங்கே போகுது? குப்பை வாளிக்குள்ள. அது ஏன் பிழை என்று விளங்க, அந்த டின்னின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1920களில் நோர்வேப் பொறியியலாளர் எரிக் ரோத்தைம் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஸ்ப்ரே டின்னைப் பரப்பியது இரண்டாம் உலகப் போர்தான். நுளம்பால் மலேரியா வந்து படுத்த சிப்பாய்களுக்காக, அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் லைல் குட்ஹியூவும் வில்லியம் சல்லிவனும் கையடக்கமான பூச்சிமருந்து டின் ஒன்றை உருவாக்கினார்கள். உள்ளே இருந்து மருந்தைத் தள்ளியது ஃப்ரியோன், அதாவது குளோரோபுளோரோகாபன் வகை வாயு. அது எரியாது, நஞ்சும் இல்லை. அதைக் காட்டுவதற்காக 1930இல் தோமஸ் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, ஊதி, ஒரு மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். பார்த்தவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வாயு உண்டா என்றுதான் தோன்றியிருக்கும்.

1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வூட் ரோலண்டும் வேறு கணக்கொன்றைச் சொன்னார்கள். இந்த வாயு கீழே அழியாமல் மேலே போய், சூரியனின் புறஊதாக் கதிர் பட்டு உடைந்து, வெளிவரும் குளோரின் ஓசோன் படலத்தைத் தின்கிறது. 1978இல் அமெரிக்கா பெரும்பாலான ஸ்ப்ரே டின்களில் அதைத் தடை செய்தது. 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் மெலிந்து கிடப்பது உலகத்துக்குத் தெரியவந்தது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை. இலங்கை 1989 டிசம்பர் 15 அன்று அதை ஏற்றுக்கொண்டது. உலகம் ஒன்றுசேர்ந்து வென்ற மிகச் சில சுற்றாடல் போராட்டங்களில் இது ஒன்று. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் தள்ளுவதற்கு டின்னுக்குள் ஏதோ ஒரு வாயு வேண்டுமே. பெரும்பாலான டின்களில் பழைய வாயுவின் இடத்துக்கு வந்தவை புரோப்பேனும் பியூட்டேனும். இந்தப் பெயர்கள் எங்களுக்குப் புதிசில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்க சமையல் கேஸ் வெடித்தபோது, இந்த இரண்டின் கலவை விகிதம் பற்றித்தான் வீட்டுக்கு வீடு பேச்சு. அதே வாயுக்கள்தான் அந்தச் சின்ன டின்னுக்குள்ளும் இருக்கின்றன. 'ஓசோனுக்குப் பாதுகாப்பானது' என்ற லேபல் உண்மை. ஆனால் அது ஆகாயத்துக்குச் சொன்ன உறுதி. குப்பை அள்ளுகிறவருக்கு அது எந்த உறுதியும் தரவில்லை.

டின்னுக்குள் இந்த வாயு அழுத்தத்தில் திரவமாக இருக்கும். ஒரு சொட்டுத் திரவம் மிஞ்சினாலும் உள்ளே அழுத்தம் அப்படியேதான். மூக்கு அடைபட்டு ஸ்ப்ரே வராவிட்டால் 'முடிஞ்சுது' என்று நினைப்போம், உள்ளே பாதி கிடக்கும். 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்காதே என்று டின்னிலேயே எழுதியிருப்பது இதனால்தான். வெளியே கசிந்தாலோ, காற்றைவிடப் பாரமான வாயு என்பதால் தரையில் படியும். கராஜில் வாகனத்துக்குக் கீழே இறங்கி வேலை செய்யும் குழிக்குள் தேங்கும். பக்கத்தில் ஒரு வெல்டிங் பொறி போதும்.

வாளியில் போட்ட டின் குப்பை அமுக்கும் லொறிக்குள் நசியும். அதன் பிறகு? கொழும்பின் குப்பை கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் புளூமெண்டலில் மலையாகக் கிடந்தது. அது மூடப்பட, மலை மீதொட்டமுல்லவில் வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, அது சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 முதல் கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அடைத்த டின்னுக்கு நெருப்பு எப்படிப்பட்ட இடம் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்ப்ரே டின்னின் கதையும் கொழும்புக் குப்பையின் கதையும் ஒரே மாதிரித்தான்: ஆபத்து தீரவில்லை, எங்கள் கண்ணில் படாத இடத்துக்கு, வேறு ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008இல் வந்த ஒழுங்குவிதிகள் ஆபத்தான கழிவுகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கின்றன. பெரிய தொழிற்சாலைகளின் கழிவு புத்தளம் சீமெந்துச் சூளை வரைக்கும் போய் எரிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2019 டிசம்பரில் ஸ்ப்ரே டின்னுக்கென்றே விதி கொண்டுவந்தார்கள்: தனியாகச் சேர், அதற்கென்று செய்த கருவியால் மட்டும் துளையிடு, மிஞ்சியதைப் பிடித்துவை, உலோகத்தை மீள்சுழற்சிக்குக் கொடு. இரும்பும் அலுமினியமும் திரும்பத் திரும்ப உருக்கக்கூடியவை. வீணாக்க ஒரு காரணமும் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் உள்ள நாலு பேர் வேலை செய்யும் கடை என்ன செய்யலாம்? சத்தம் நிற்கும்வரை, காற்றோட்டமான இடத்தில், பாவித்து முடியுங்கள். ஆணியால் குத்தாதீங்க, எரிக்காதீங்க. மூக்கு அடைபட்டு நின்ற டின்னை வேறாக வையுங்கள். பெயின்ட், பூச்சிமருந்து டின்களையும் அப்படியே. மூடியைப் போட்டு, வெயிலும் அடுப்பும் வெல்டிங்கும் எட்டாத பெட்டியில் சேருங்கள். 'ஸ்ப்ரே டின்' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். பழைய இரும்பு வாங்க வருகிற அண்ணனிடம் எது முடிந்தது, எது முடியவில்லை என்று வாய் திறந்து சொல்லுங்கள். பத்துக் கடை சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரைக் கூப்பிடும் அளவுக்கு டின் சேரும். தனிக் கடைக்கு அது கட்டுப்படியாகாது.

மொன்றியலில் நாடுகள் கூடித்தான் ஆகாயத்தைக் காப்பாற்றின. ஒரு ஒழுங்கையில் பத்துக் கடை கூடுவது அதைவிட எவ்வளவோ லேசு.